பூகம்பமும் காந்தியாரின் பாவக் கணக்கும்

1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் உண்டான பூகம்பத்தில் 10,000-க்கு மேற்பட்ட மக்கள் மாண்டார்கள். முங்கேர், முசபர்பூர் முதலிய பட்டணங்கள் இடிந்து மண்மேடாயின. அச்சமயம் தீண்டாமை ஒழிப்புக்காகத் தென்னாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்து வந்த தோழர் காந்தியார், ஒன்பதாம் நாள், அதாவது ஜனவரி 24-ந் தேதி, திருநெல்வேலியில் பேசுகையில், இது தீண்டாமை என்னும் பாவத்திற்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்பதாகச் சொன்னார்.

தீண்டாமை ஒழியவேண்டும் என்பதில் நமக்கு அவரோடு வழக்கில்லை. பீகாருக்காக அவர் உதவி கேட்டதையும், மார்ச்சு மாதத்தில் நேரில் சென்றதையும் நாம் மறைக்கவுமில்லை. ஆனால் ஒன்று கேட்கின்றோம். தீண்டாமையைக் கட்டிக் காத்து வந்த தென்னாட்டுக் கோவில்களும் அக்கிரகாரங்களும் ஒரு செங்கல்கூட அசையாமல் நிற்க, பீகாரில் தீண்டப்படாதவனும், முஸ்லீமும், பால்குடிக் குழந்தையும் ஏன் சாகவேண்டும்? பிரதிவாதியை விட்டுவிட்டு வாதியைத் தூக்கில் போடுகிற நீதிபதியை எந்த ஊரிலாவது யோக்கியன் என்பார்களா?

மேலும், "கோவிலைத் திறக்கச் சொன்ன பாவத்தால்தான் பூமி நடுங்கிற்று" என்று வைதீகர்கள் திருப்பிச் சொன்னால் என்ன பதில்? இத்தகைய வாதம் எதிரிகளுக்கே அதிகம் பொருந்தும் என்று ரவீந்திரநாத் தாகூர் அப்போதே கண்டித்தார். அவரும் தீண்டாமைக்கு விரோதியே. அவருக்குப் பதில் எழுதிய காந்தியார், தம் நம்பிக்கையை ருஜுப்படுத்த முடியாதென்று ஒப்புக்கொண்டும், அதை விட்டாரில்லை.

பூமி ஏன் நடுங்குகிறது? இந்தியாவைத் தாங்கும் நிலப்பாளம் வடக்கே நகர்ந்து இமயமலைக்கடியில் நெருக்குகிறது. அந்த நெருக்கடி தாளாமல் பாறை முறியும்போது பூகம்பம். 2015-ல் நேபாளம் இடிந்ததும் இதனால்தான். பாறைக்குச் சாதி தெரியாது.

ஆபத்துக் காலத்தில் ஜனங்கள் தலைவன் வாயைப் பார்த்து நிற்கிறார்கள். அப்போது அவன் முதலில் சொல்லுவது மனதில் ஆணியாய் இறங்கும். இடிபாட்டைத் தோண்டு, பட்டினிக்குச் சோறு போடு, இனி உறுதியான வீடு கட்டு என்பவனே புத்தி சொன்னவன். செத்தவன் தலையில் பாவத்தைச் சுமத்துகிறவன் புரோகிதன் வேலையையே செய்கிறான்.

பூமி ஆடியதால் தீண்டாமை பாவமென்றால், ஆடாத அத்தனை நூற்றாண்டும் அது புண்ணியமாயிருந்ததா? மனிதனை மனிதன் இழிவுபடுத்துவது அக்கிரமம். அதற்காகவே அது ஒழியவேண்டும். பயத்தால் திருந்தியவன் பயம் தெளிந்தவுடன் பழையபடி கதவைச் சாத்துவான். அறிவால் திருந்தியவன் சாத்தமாட்டான்.