நம் மண்ணின் நஞ்சுக்கு நம் மருந்து

பாம்பின் நஞ்சு எல்லாம் ஒன்றே எனக் கருதுவார் உளர், அஃது உண்மையன்று. உடலின் இயல்பான புரதங்களே பன்னெடுங்காலப் பரிணாமத்தில், உண்ணும் இரைக்கேற்ப, நஞ்சாகத் திரிந்தன. ஆதலின் இனத்துக்கு இனம் நஞ்சு வேறு. ஓரினத்துள்ளும் நிலத்துக்கு நிலம் வேறு. நாகத்தின் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை அடக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சு குருதி உறைதலைக் கெடுக்கும். இலங்கையில் அது கண்ணிமையையும் தளரச் செய்யும்.

நம் மருத்துவமனைகள் நெடுங்காலமாக நம்பியிருப்பது இந்திய மாற்றுமருந்தையே. அது நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கின் நஞ்சைக் கொண்டு ஆக்கப்படுவது. தோட்டங்களில் கொழுந்து பறிப்போரும் புல் வெட்டுவோரும் அஞ்சும் கோப்பி விரியன் அந்நான்கனுள் அடங்காது. அதன் கடி சிலருக்குச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், உயிரையும் போக்கும். அதற்கு அம்மருந்து பயன்படாது.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களுள் சேர்த்தது. மாத்தளைத் தோட்டத் தொழிலாளிக்கு அச்சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. இந்நாட்டுப் பாம்புகளுக்கேற்ற மருந்தை ஆக்கும் முயற்சியில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஈடுபட்டனர். அதனை நிறைவேற்றுதல் அரசின் கடன். மருத்துவமும் விலங்கியலும் பயிலச் செல்லும் நம் கல்லூரி மாணவர் இப்பணிக்கு முன்வருவாராக!