கீபோர்டு ஜெயித்தது... விரல் தோற்றதா?

எலெக்ட்ரானிக் இசைக்கருவி என்றாலே இன்று கீபோர்டுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், இந்தக் கருவிகள் பிறந்த காலத்தில் கதையே வேற!

தொடாமலே வாசிப்பு

1920 வாக்கில் ரஷ்யாவின் லெவ் தெரமின் உருவாக்கிய கருவியைத் தொடவே வேண்டாம். செங்குத்தான ஆன்டெனாவை நோக்கிக் கை நெருங்கினால் சுருதி ஏறும். வளைய ஆன்டெனாவை மறு கை நெருங்கினால் சத்தம் குறையும்.

1928-ல் பாரிஸில் அரங்கேறியது ‘ஓந்த் மார்த்தனோ’. உருவாக்கிய மோரிஸ் மார்த்தனோ ஒரு செல்லோ கலைஞர். வலது கை விரலில் மோதிரம். அது ஒரு நாடாவோடு இணைந்திருக்கும். மோதிரத்தை நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். இடது கைக்கு ஒரு பொத்தான்: அழுத்தும் அளவுக்குச் சத்தம், விட்டால் மௌனம். வயலினில் வில் செய்யும் வேலை அது.

1930-ல் பெர்லினில் வந்த ட்ராட்டோனியத்தில் உலோகப் பட்டைக்கு மேலே ஒரு கம்பி. அதை அழுத்தும் இடமே சுரம். ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தின் பறவைச் சத்தங்கள் இதன் அடுத்த வடிவத்தில் உருவானவைதான்.

ஏன் ஓரம் போயின?

தெரமின் வாசிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லை. கீபோர்டோ பியானோ தெரிந்த எல்லோருக்கும் பழக்கமானது. 1960-களில் டான் புக்லா பியானோக் கட்டைகளை ஒதுக்கி, தொடு தகடுகளை வைத்தார். ராபர்ட் மூக் கீபோர்டோடு வந்தார். சந்தை மூக் பக்கம் சாய்ந்தது. 1983-ல் வந்த ‘மிடி’ தரநிலையும் எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற கணக்கில்தான் அமைந்தது.

இழப்பு என்ன?

கீபோர்டு எலெக்ட்ரானிக் இசையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அதை மறுக்க முடியாது. ஆனால், இரண்டு சுரங்களுக்கு நடுவே இருக்கும் இடத்தை அது அடைத்துவிட்டது. கமகம் வாசிக்க நினைப்பவர்கள் ஓரத்தில் உள்ள சக்கரத்தை உருட்ட வேண்டியிருக்கிறது.

ஏ.ஆர்.ரஹ்மான் வாசிக்கும் ‘கன்டினுவம்’ கருவியில் கட்டைகளே இல்லை. மெத்தென்ற பரப்பில் விரல் வழுக்கிச் செல்லும். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக வளைக்கும் வசதி 2018-ல் மிடி தரநிலையிலும் சேர்ந்தது. ஏறத்தாழ நூறு வருஷத்துக்கு முன் மார்த்தனோவின் மோதிரம் செய்ததும் இதைத்தானே!

இவை இன்னும் விலை உயர்ந்த கருவிகள் என்பதுதான் சிக்கல். பழக்கமானது என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. இசை கற்கும் பிள்ளைகளுக்குக் கட்டைகளைத் தாண்டியும் வழி உண்டு என்றாவது சொல்லித்தர வேண்டும்.