ஒரு செம்புக் கோடு, இரண்டு அலைவரிசை

திரிங்காப்பில் அக்காள் வீட்டுக்குப் போனால் கைப்பேசி, கணினி வேலை அத்தனையும் என் தலையில்தான் விழும். போன விடுமுறையில் அவர் மகள் கேட்டாள்: "மாமா, வைஃபையில ரெண்டு பேர் காட்டுதே, எதுல சேரணும்?"

ரவுட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து படிப்பதென்றால் 5 கிகாஹெர்ட்ஸ், வேகம் அதிகம். இரண்டு சுவர் தாண்டிய பின்னறை என்றால் 2.4. அதிர்வெண் கூடக் கூட, அலை சுவரில் சீக்கிரம் வலுவிழக்கும். மலையிலும் இதே கணக்குதான். 2021 டிசம்பரில் தொடங்கிய நம் நாட்டு 5ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸும் 3.5 கிகாஹெர்ட்ஸும் ஒதுக்கப்பட்டன. தேயிலைக் குன்றுக்குப் பின்னால் இருக்கும் லயத்தை எட்டுவதற்கு 700 தோது. கூட்டம் மிகுந்த கடைத்தெருவில் வேகம் தர 3.5 வேண்டும்.

ஆக, ஒரே கருவி இரண்டையும் கையாள வேண்டும். சிக்கல் அங்கேதான். சர்க்யூட் பலகையில் ஆண்டெனாவுக்கும் பெருக்கிக்கும் நடுவே ஒரு செம்புக் கோடு ஓடும். இம்பீடன்ஸ் எனப்படும் மின்மறுப்பு இரு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால், சிக்னலில் ஒரு பகுதி சுவரில் பட்ட பந்துபோல் திரும்பிவிடும். கோட்டின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருந்து, அகலமும் சரியாக அமைந்தால், அது இரு பக்கத்தையும் இணக்கிவிடும். அதிர்வெண் இரட்டிப்பானால் அதே கோடு அரை அலைநீளம் ஆகிவிடுகிறது. அப்புறம் அது இருந்தும் இல்லாததற்குச் சமம். 900 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்ட கோடு 1800இல் சும்மா கிடக்கும். வீட்டு வைஃபையின் 2.4, 5 ஜோடியும் ஏறக்குறைய அதே இரண்டு மடங்குதான். 700க்கும் 3500க்கும் ஐந்து மடங்கு. ஒற்றைப்படை மடங்கில் கால் அலைக் கோடு மறுபடி வேலை செய்யும். அந்த அதிர்ஷ்டம் எல்லா ஜோடிக்கும் வாய்ப்பதில்லை.

2003இல் சீசர் மொன்சோன் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வழி காட்டினார்: ஒரே கோட்டுக்குப் பதிலாக, நீளம் ஒன்றாகவும் அகலம் வேறாகவும் உள்ள இரண்டு கோடுகளை அடுத்தடுத்து வைப்பது. 900, 1800 ஜோடிக்கு ஒவ்வொரு கோடும் கீழ் அதிர்வெண்ணின் அலைநீளத்தில் ஆறில் ஒரு பங்கு. 900இல் அது 60 பாகை, 1800இல் 120. இரண்டும் 90க்கு இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30 தள்ளி நிற்பதால், ஒரே அமைப்பு இரண்டுக்கும் பொருந்துகிறது. எனக்கு இன்றும் பிடித்த கணக்கு இது.

சாதாரணக் கண்ணாடியிழைப் பலகையில் அந்தக் கோடு ஒவ்வொன்றும் சுமார் 3 சென்டிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் 900 ஏறக்குறைய 30 மெகாஹெர்ட்ஸ் இறங்கும், 1800 ஏறக்குறைய 60. போதாக்குறைக்குப் பலகையின் மின்கடத்தாப் பண்பும் தொகுப்புக்குத் தொகுப்பு கொஞ்சம் மாறும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் சொல்வேன்: கணினித் திரையில் சரியாக வந்துவிட்டது என்று நேரே நூறு பலகை அச்சிடாதீர்கள், முதலில் வெறும் கோடு ஒன்றைப் போட்டு அளந்து பாருங்கள்.