நோயாளியின் பக்கத்தில் இருந்து தொடங்குவோம்
திண்டுக்கல் சமவெளியில் ஓர் இயக்கத்தின் கொள்கைப் பிரகடனம்

திண்டுக்கல் நகரிலும் சின்னாளப்பட்டி, வேடசந்தூர், நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கத்து ஊர்களிலும் வாழ்கிற செவிலியர்கள், மருத்துவம் படிக்கும் பிள்ளைகள், கிராம சுகாதார ஊழியர்கள், பூட்டுப் பட்டறைக்காரர்கள், தையல்காரர்கள், வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அவர்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்கு அலைகிற வீட்டார் ஆகிய நாங்கள் சேர்ந்து இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்கள் அடிப்படை நம்பிக்கை ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் நோயாளி படுகிற பாட்டில் பெரும்பகுதி நோயால் வருவதில்லை, ஏற்பாட்டால் வருகிறது. வரிசை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் நிற்பது, ரத்தம் கொடுக்க ஓரிடம், ரிசல்ட் வாங்க வேறிடம் என்று அலைவது, வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்களே என்று முதல் பஸ் பிடித்து வந்து பத்தரை மணிக்குத் தலைசுற்றி உட்கார்வது, எல்லாமே யாரோ செய்து வைத்த ஏற்பாடு. செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. செய்யும்போது நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவே. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதர் மாற்றலாம். மாற்றுவதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளலாம்.

மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு என்று அந்த முறையைச் சொல்கிறார்கள். ஒரு பொருளையோ வழக்கத்தையோ பயன்படுத்துகிறவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவர் வாயால் சொல்வதைக் கேட்பதோடு கை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். தோன்றிய யோசனையை அட்டையிலும் துணியிலும் மலிவாகச் செய்து அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே மாற்றி மறுபடி கொடுக்க வேண்டும். சரிவரும் வரை இதையே செய்ய வேண்டும். இதற்குப் பட்டம் தேவையில்லை. பொறுமையும் பழக்கமும் தேவை.

எங்கள் மண்ணுக்கு இது அந்நியமில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான டாக்டர் சௌந்தரம், டெல்லியில் மருத்துவம் படித்தவர், பெரிய நகரத்தில் வசதியாகத் தொழில் நடத்தியிருக்கலாம். அவர் 1947-ல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்கே சுகாதாரப் பணியில் பயிற்சி கொடுத்தார். 1964-ல் கிராம சுகாதாரத்துக்கென்றே அங்கே ஒரு நிறுவனம் உருவானது. மக்கள் இருக்கும் இடத்தில் இருந்துகொண்டு மருத்துவத்தை யோசித்த அந்த மரபின் வாரிசுகளாகவே எங்களை நினைக்கிறோம்.

கிடைத்திருப்பவற்றை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லுடையதும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவரை ஆஸ்பத்திரி தேடிப் போக வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் வாசல் வரை வந்த மாத்திரை வாய்க்குள் போவதற்கு நடுவே இன்னும் சில அடி தூரம் மிச்சமிருக்கிறது.

அந்தச் சில அடியில் என்ன நடக்கிறது? சமவெளியில் எந்த வீட்டிலும் பார்க்கலாம். ஒரு மஞ்சப்பை. அதற்குள் மூன்று மாதத்துச் சீட்டுகள், பாதி தீர்ந்த அட்டைகள், மேலே பேனாவால் 1-0-1 என்று எழுதிய காகிதக் கவர். எழுதியவருக்கு அது காலையும் இரவும். எழுத்து படிக்காத பாட்டிக்கு அது வெறும் கோடும் வட்டமும். அதனால் அவர் நிறத்தை நினைவில் வைத்துக்கொள்கிறார்: வெள்ளை சுகருக்கு, ரோஸ் பிரஷருக்கு. அடுத்த தடவை அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வேறு நிறத்தில் வருகிறது. பாட்டி என்ன செய்வார்? புதிதை ஒதுக்கி வைப்பார், அல்லது பழையதோடு சேர்த்து இரண்டையும் போட்டுக்கொள்வார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தால், “மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா, இல்லையா?” என்று அதட்டல் விழும். அவர் ஒழுங்காகத்தான் சாப்பிட்டார்.

இங்கே கவரை மாற்றலாம். காலைக்குச் சூரியன் படம் போடலாம் என்று உடனே தோன்றும். போட்டுக் காட்டினால் பாட்டி கேட்பார்: “இது விடியிறதா, பொழுது சாயிறதா?” அந்தக் கேள்வி வந்த பிறகுதான் வேலை உண்மையில் தொடங்குகிறது. காப்பி டம்ளரா, சோற்றுத் தட்டா, விரித்த பாயா, எது அவருடைய நாளைப் பிரிக்கிறது என்று அவரிடமே கேட்டு வரைய வேண்டும். மேசையில் உட்கார்ந்து ஒரு வருடம் யோசித்தாலும் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றாது.

பக்கத்து மதுரை இதை எப்போதோ செய்துகாட்டியது. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் வளைந்துபோன விரல்களுக்குத் தோதாகக் கருவிகளைச் செய்யச் சொல்லி, அந்தக் கைகளாலேயே லட்சம் பேருக்கு மேல் அறுவை சிகிச்சை செய்தவர். கண்புரை அறுவை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஜனங்கள் வந்துவிடவில்லை. பஸ்ஸுக்குக் காசு, சாப்பாடு, கூட வருகிறவரின் கூலி, தனியாக ஊர் விட்டுப் போகும் பயம், எல்லாம் காலைப் பிடித்து இழுத்தன. ஊரிலேயே முகாம் போட்டு, அங்கிருந்து கூட்டமாக வண்டியில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டபோது வந்தார்கள். அதோடும் அரவிந்த் மருத்துவமனையினர் நின்றுவிடவில்லை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்து 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேரே முகாமுக்கு வந்தார்கள் என்று காட்டியது. நல்ல பெயர் வாங்கிய முகாமைப் பற்றிய கசப்பான கணக்கு அது. அதை மறைக்காமல் எடுத்துக்கொண்டு, சிற்றூர்களிலேயே நிரந்தரமாக இயங்கும் பார்வை மையங்களை 2004 முதல் திறந்தார்கள். அந்த நேர்மையைத்தான் நாங்கள் முதல் பாடமாக வைக்கிறோம்.

வெளியிலிருந்தும் கற்போம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2007-ல் ஒரு வகுப்புக்காகச் சேர்ந்த மாணவர்கள், மலிவான இன்குபேட்டர் செய்யக் கிளம்பினார்கள். நேபாளம் போய்ப் பார்த்தபோது ஆஸ்பத்திரி இன்குபேட்டர்கள் சும்மா கிடந்தன. எடை குறைந்த குழந்தைகள் தொலைவான கிராமத்து வீடுகளில் பிறந்து, வந்து சேர்வதற்குள் இறந்துகொண்டிருந்தன. எனவே மின்சாரம் இல்லாமலே மணிக்கணக்கில் சூடு காக்கும் சிறு பை ஒன்றைச் செய்தார்கள். அதை இந்தியாவில் கொடுத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆங்கில மருந்து வீரியமானது, குழந்தைக்குக் கொஞ்சம் குறைத்தே கொடுக்க வேண்டும் என்று நம்பிய ஒரு தாய், சூட்டையும் சொன்ன அளவுக்குக் குறைத்தே வைப்பேன் என்றார். அவர்கள் தாயைத் திருத்தப் போகவில்லை. டிகிரி எண்களை எடுத்துவிட்டு, சூடு சரியாக இருக்கிறதா இல்லையா என்று மட்டும் காட்டும்படி கருவியை மாற்றினார்கள். அதே பல்கலைக்கழகத்து வகுப்பில் முளைத்த நூரா ஹெல்த், பெங்களூரு மருத்துவமனை வராந்தாவில் கவலையோடு காத்துக் கிடந்த உறவினர்களைப் பார்த்தது. வீட்டுக்குப் போனபின் நோயாளியைக் கவனிக்கும் முறையை அவர்களுக்கே சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது. ‘கூட்டம் போடாதீங்க’ என்று நாம் விரட்டுகிற அதே அத்தைகளும் தம்பிகளும்தான் அங்கே பாதி சிகிச்சையைச் சுமக்கிறார்கள்.

செய்துபார்க்கிற கை எங்களிடம் நிறையவே இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டை அரம் பிடித்துத் தேய்க்கிறவர், கட்டிலில் இருந்து எழ முடியாதவருக்குக் கைப்பிடி எங்கே வேண்டும் என்று ஒரு முறை பார்த்தால் செய்துவிடுவார். சின்னாளப்பட்டி நெசவாளருக்கும் எங்கள் ஊர்த் தையல்காரருக்கும், பிரசவ வார்டில் மானம் மறைக்காத அந்தக் கவுனை எப்படி வெட்டித் தைப்பது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பூட்டுத் தொழில் நலிந்து பட்டறைகள் மூடிக்கொண்டிருக்கும் காலத்தில், இந்தக் கைகளுக்கு உரிய கூலியோடு இந்த வேலையைத் தர வேண்டும் என்று கோருகிறோம். தொண்டு என்ற பெயரில் யாருடைய உழைப்பையும் இலவசமாக வாங்க மாட்டோம்.

இப்போது உறுதிமொழிகள். நோயாளியோ துணைக்கு வந்தவரோ இல்லாத அறையில் அவர்களுக்காக எதையும் முடிவு செய்ய மாட்டோம். செவிலியர், துப்புரவுப் பணியாளர், அட்டெண்டர், மருந்து கொடுப்பவர் ஆகியோரின் பேச்சுக்கு டாக்டர் பேச்சுக்குள்ள எடையைக் கொடுப்போம். வார்டு விடிய விடிய எப்படி இயங்குகிறது என்று அறிந்தவர்கள் அவர்களே. நட்சத்திர ஓட்டலில் வண்ணச் சீட்டு ஒட்டி முடிகிற பயிலரங்குகளை நடத்த மாட்டோம். எங்கள் வகுப்பு ஓ.பி. வரிசையிலும் பஸ் ஸ்டாண்டிலும் மில் ஷிப்ட் விடுகிற வாசலிலும் நடக்கும். ஆஸ்பத்திரி நேரம் ஏன் மில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஒத்துவருவதில்லை என்று அங்கேதான் புரியும். படுத்திருப்பவரைச் சம்மதமில்லாமல் படமெடுக்க மாட்டோம். மருந்தின் அளவையும் சிகிச்சையையும் தொடும் எந்த மாற்றத்தையும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் செய்துபார்க்க மாட்டோம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே சிஸ்டர் இரண்டு வார்டு பார்க்கிற இடத்தில் அழகான அறிவிப்புப் பலகை எந்த நோவையும் தீர்க்காது. அங்கே நாங்கள் பலகை செய்ய மாட்டோம், காலிப் பணியிடத்தை நிரப்பச் சொல்லிக் கேட்போம். ஆள் பற்றாக்குறையை மூடி மறைக்கும் திரையாக இந்த முறையை யார் பயன்படுத்தினாலும் எதிர்த்து நிற்போம்.

மருத்துவக் கல்லூரியிடமும் செவிலியர் பள்ளிகளிடமும் காந்திகிராமத்துக் கல்வி நிறுவனங்களிடமும் நாங்கள் கேட்பது இதுதான். மாணவர் ஒவ்வொருவரும் படிப்புக் காலத்தில் ஒரு நோயாளியோடு, அவர் வீட்டிலிருந்து கிளம்புவது முதல் மருந்தோடு வீடு திரும்புவது வரை, ஒரு முழு நாள் கூடவே போய்வர வேண்டும். வெள்ளைக் கோட் இல்லாமல், வரிசையில் முந்தாமல். பார்த்ததில் ஒன்றை எடுத்து, அந்த நோயாளியையும் வைத்துக்கொண்டு சரிசெய்து காட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண் தர வேண்டும்.

முதல் வேலையாக மாத்திரைக் கவரை எடுத்துக்கொள்கிறோம். எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்று இரண்டையும் தமிழில் எழுதி, காசு வாங்காமல், கேட்கிற எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கொடுப்போம். யாரும் நகல் எடுக்கலாம், தங்கள் ஊர்ப் பாட்டிக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம், எங்கள் பெயரைப் போட வேண்டியதில்லை.