தண்ணிக்கு இரைச்சல்பாலம் இருக்கு, பாக்கெட்டுக்கு?

டெக்னிக்கல் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. பொறுமையா படிங்க மக்களே, நடுவுல ஊர்க்கதையும் இருக்கு :-)

நமக்கு ஊரு லோயர் கேம்ப். குமுளி மலை ஏறுறதுக்கு முன்னாடி பஸ்ஸெல்லாம் மூச்சு வாங்கிக்கிற இடம். மலையிலேர்ந்து இறங்குற அந்த நாலு ராட்சசக் குழாயைப் பார்த்தே வளர்ந்தவன் நான். பெரியாறு தண்ணி தேக்கடியிலேர்ந்து சுரங்கம் வழியா வந்து, போர்பே அணையில கொஞ்சம் நின்னு, குழாய்ல இறங்கி டர்பைனைச் சுத்தும். ஒரு ஜெனரேட்டருக்கு 42 மெகாவாட், நாலுக்கும் 168. குழாய் தாங்குறதுக்கு மேல தண்ணி திறந்தா, மிச்சம் இரைச்சல்பாலம் வழியா ஆத்துக்கு வந்துடும். கரண்டு ஆகாது, ஆனா வயலுக்குப் பாயும்.

ஈதர்நெட்டுலயும் இதே சிக்கல்தான். மேக் பாக்கெட்டைத் தயார் பண்ணிக் குடுக்குது, ஃபை அதைக் கேபிள்ல ஏத்துது. ரெண்டும் ஒரே வேகத்துல ஓடணும்னு கட்டாயமில்லை. எங்க போர்டுல மேக் எப்பவும் 2.5 கிகாபிட்ல தள்ளும். எதிர்ப்பக்கம் பழைய சுவிட்ச் இருந்தா கேபிள்ல 1 கிகாபிட்தான் போகும். மிச்சம் எங்க போகும்?

இதைச் சமாளிக்கப் பல வழி இருக்கு. எஸ்ஜிஎம்ஐஐ-ல 100 மெகாபிட்னா ஒவ்வொரு பைட்டையும் பத்து தடவை திருப்பி அனுப்புவாங்க, 10 மெகாபிட்னா நூறு தடவை. 2002-ல வந்த 10 கிகாபிட் ஈதர்நெட்டோட வான் ஃபைக்கு, மேக்கே பாக்கெட்டுகளுக்கு நடுவுல இடைவெளியை நீட்டிக்கும். மூணாவது வழி, ஃபை தன்னோட குட்டி பஃபர் நிறையுறப்போ "கொஞ்சம் பொறுப்பா"ன்னு மேக்குக்கு பாஸ் ஃபிரேம் அனுப்பும். 1997-லயே வந்த சமாச்சாரம் அது. எங்க ஃபை இந்த மூணாவது ரகம்.

எங்க டிரைவர்ல பாஸ் ஃபிரேமை மதிக்கிறதையே ஆஃப் பண்ணி வெச்சிருந்தோம். பிங் ஜம்முனு போகும், பெரிய ஃபைல் அனுப்பினா நொண்டும். மேக் கவுன்ட்டர்ல ஒரு எர்ரர் கூட இல்லை, ஏன்னா பாக்கெட் செத்தது ஃபைக்குள்ள. மூணு வாரம், புதுசா சேர்ந்த பையனோட கோடுதான் மோசம்னு எல்லாரும் குத்தம் சொன்னோம். நானும்தான். கடைசில ஒரே ஒரு வரி மாத்தினதும் சரியாச்சு. அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டான். எனக்குத்தான் அன்னிக்குத் தூக்கம் வரலை.

என் கருத்து இதுதான். வேகம் பொருந்தாம போறது தப்பில்லை, அதை மறைக்கிறதுதான் தப்பு. டேட்டாஷீட்டோட முதல் பக்கத்துல 'எல்லா வேகத்துக்கும் ஆட்டோமேட்டிக்'னு கொட்டை எழுத்து. அதுக்கு பாஸ் ஆன்ல இருக்கணும்ங்கிறது எங்கயோ உள்ள பொடி எழுத்து. லினக்ஸ் கர்னலே 2022-ல வந்த 6.1-லதான் ஃபைகிட்ட "நீ எந்த முறையில ஈடுகட்டுற?"ன்னு முறைப்படி கேட்க ஆரம்பிச்சுது.

"எல்லாத்தையும் மேல சொல்லணும்னா அப்புறம் லேயர் எதுக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். எப்படிச் செய்யுறேன்னு சொல்ல வேணாம். எவ்வளவைக் கீழ போட்டேன்னு ஒரு கவுன்ட்டர் வெச்சாப் போதும்.

எங்க ஊர்ல தண்ணி மிச்சமானா பாலத்தோட பேர்லயே இரைச்சல் இருக்கு. பாக்கெட் மட்டும் சத்தமில்லாம சாகுது. பழி ஒரு புதுப் பையன் தலையில விழுது.

உங்க ஆபீஸ்லயும் இப்படி நடந்திருக்கா? பின்னூட்டத்துல கொட்டுங்க.