ஆம்ப் போனால் போகட்டும்

"மேடையில் ஆம்ப் இல்லாமல் பேஸ் கிதாரா? காதில் இன்-இயர் மானிட்டரைச் செருகிக்கொண்டு வாசிப்பதெல்லாம் ஒரு வாசிப்பா?" என்று எங்கள் பழைய மெல்லிசைக் குழு நண்பர்கள் அங்கலாய்க்கிறார்கள். அதே ஆம்ப்புக்கு முன்னால் முப்பது வருஷம் நின்றவன் சொல்கிறேன்: போனால் போகட்டும்!

பேஸின் தடித்த தந்தி வினாடிக்கு 41 தடவை அதிரும். அந்த ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். அதை மேடை மூலையில் கட்டிப்போட முடியுமா? பாடகர் மைக்கிலும் புகுந்துவிடும். டிரம்ஸ்காரர் ஓங்கி அடிப்பார், நான் வால்யூமைக் கூட்டுவேன், அவர் இன்னும் ஓங்குவார். சபைக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் கொழகொழ. இன்றைய பையன்கள் நேரே மிக்ஸருக்குக் கொடுத்துவிட்டு, தங்களுக்கு வேண்டியதைக் காதில் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதிர்வு உடம்பில் ஏறும் சுகம் போச்சே என்பீர்கள். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் 100 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 15 நிமிஷத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம். நாங்கள் கச்சேரிக்கு மூன்று மணி நேரம் நின்றோம். சத்தத்தை அளந்து பார்த்ததே இல்லை.

இன்-இயரையும் அளவோடு வைத்தால்தான் தம்பி, காது பிழைக்கும். ராத்திரி ஃபேனை நிறுத்தினாலும் என் காதில் 'ஙொய்' நிற்பதில்லை.