ஆந்தை மீது ஏன் இந்தப் பழி?

ஆந்தை அலறினால் ஊரில் சாவு விழும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சங்கப் பாடல்களிலேயே கூகை என்னும் ஆந்தை இடுகாட்டில் குழறுகிறது. அவ்வளவு பழைய அச்சம் இது. அது எப்படி வந்திருக்கும் என்பதையும் ஊகிக்க முடிகிறது. கூகை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் பறவை அல்ல. மரப்பொந்தும் இடிந்த மண்டபமும் கோபுர மாடமுமே அதற்கு வீடு. சுடுகாட்டு மரங்களை யாரும் எளிதில் வெட்டுவதில்லை. அவை முதிர்ந்து பொந்து விழுந்தால் அங்கேயும் கூகை குடியேறும். நோயாளி கிடக்கும் வீட்டில்தான் இரவெல்லாம் விளக்கு எரியும். விளக்கைத் தேடிப் பூச்சியும், பூச்சியைத் தேடிப் புள்ளி ஆந்தையும் வரும். மற்ற இரவுகளிலும் அது கத்தியிருக்கும், உறங்குகிற ஊருக்குக் கேட்டிருக்காது. சாவோடு சேர்ந்து கேட்ட குரல் மட்டும் மனதில் தங்கிவிட்டது.

வயலோரம் அமர்ந்து கவனிப்பவருக்குத் தெரிவது வேறு பறவை. கூகையின் காதுகள் ஒன்று சற்று மேலும் மற்றது கீழுமாக அமைந்தவை. அதனால் கும்மிருட்டிலும் எலியின் சலசலப்பை வைத்தே அது இருக்கும் இடத்தைக் கணித்துவிடும். சிறகின் ஓரங்கள் மென்மையானவை. பறக்கும் ஓசை எலிக்கு எட்டாது. பிடித்த எலியை அப்படியே விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். பொந்தின் அடியில் கிடக்கும் உருண்டைகளைப் பிரித்துப் பாருங்கள்: எலி மண்டையோடுகள் இருக்கும். நெல்லை அறுத்து வளைக்குள் சேர்க்கும் எலிகளின் கணக்கு அது. மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் கூகைக்கென்றே பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். நம் வேளாண் துறையும் ஆந்தை வந்து அமர வயலில் குச்சி நடச் சொல்கிறது.

நம்பிக்கைகள்தானே பறவைகளைக் காத்தன, அவற்றை ஏன் கிளற வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கூந்தன்குளம் கிராமத்தில் பறவை வருவதை ஊருக்கு நல்லதென்று கொண்டாடுகிறார்கள். கொள்ளுக்குடிப்பட்டி கிராமத்தில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கல் மக்களோ, எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பயிருக்கு உரமாவதைக் கண்டறிந்து, 18-ஆம் நூற்றாண்டிலேயே வேட்டைக்காரர்களிடமிருந்து பறவைகளைக் காக்கும்படி ஆட்சியாளரிடம் கேட்டவர்கள். அங்கே நம்பிக்கைக்குப் பின்னால் பல தலைமுறைகள் பார்த்த பார்வை இருக்கிறது. ஆந்தைக்கு அது கிடைக்கவில்லை. கல்லெறிந்து விரட்டுகிறோம்; மாந்திரீகம் என்ற பெயரில் பிடித்துக் கொல்பவர்களும் உண்டு. இதைத் தீங்கில்லாத வழக்கம் என்று ஏற்க என்னால் முடியாது.

பயன் பார்த்துத்தான் பறவையை மதிக்க வேண்டுமா என்பது இன்னொரு கேள்வி. வேண்டியதில்லை. முருகனின் வாகனமாகவும், 1963 முதல் தேசியப் பறவையாகவும் நாம் போற்றும் மயில், பல மாவட்டங்களில் பயிரைக் கொத்தி அழிக்கிறது. அதனால் மயிலை வெறுக்கச் சொல்லவில்லை. உழவரின் இழப்பைக் கண்டு ஈடுகட்டச் சொல்கிறேன். போற்றுதலும் தூற்றுதலும் பறவையின் உண்மை வாழ்வை மறைக்கக் கூடாது.

உழவர்களிடம் என் வேண்டுகோள் இது: பொந்து விழுந்த பழைய மரத்தை விட்டுவையுங்கள். எலி மருந்தைக் கூடியவரை தவிருங்கள். மருந்து தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகக்கூடும். ஆந்தையைப் பிடிப்பதும் கொல்வதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.